எளிய ஊற்றே போதும்

அண்மையிற் பழைய மாணவர் சிலர் ஓரிடத்திற் கூடியிருந்தபோது, உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய அன்பர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். தந்தையார் காலத்து அம்பிளிபயர் ஒன்றும் நல்ல ஒலிபெருக்கிகள் இரண்டும் அவர் வீட்டில் இன்னும் பழுதின்றி இருக்கின்றன. இசைத்தட்டுச் சுழற்றி பழுதடைந்து பல்லாண்டாயிற்று. ஒலிநாடாப் பெட்டியும் அவ்வழியே சென்றது. இனி அந்த அம்பிளிபயருக்கு இசையை ஊட்டுவதற்கு எதனை வாங்குவது என்பதே அவர் வினா. அங்கிருந்தோருள் ஒருவர், வெளிநாட்டிலிருந்து தருவிக்கத்தக்க ஒரு கருவியின் பெயரைச் சொன்னார். அதன் விலையையுஞ் சொன்னார். கேட்டவரின் முகம் வாடிற்று. "அப்படியானால் நல்ல இசை இளைப்பாற்றுச் சம்பளக்காரனுக்கு உரியதன்று போலும்" என்று கூறிப் பேச்சை வேறு திசையில் திருப்பிவிட்டார்.

அந்தச் சொல் என் உள்ளத்தை உறுத்தியது. பணமில்லாமையால் ஒரு வீட்டில் இசை நின்றுபோவது வருந்தத்தக்கது. தவறான ஓர் எண்ணத்தினால் அது நின்றுபோவதோ அதனினும் வருந்தத்தக்கது. இலக்கமுறை இசையைப் பொறுத்தவரை, மூலக்கருவி எனப்படும் ஊற்றே யாவற்றினும் மலிவாக அமையக்கூடிய உறுப்பு என்பதும், அதிற் பெரும் பணத்தைக் கொட்டுவோர் கொட்டவேண்டிய இடத்தை விட்டு வேறிடத்திற் கொட்டுகின்றனர் என்பதும் என் துணிபு. அதனை இம்மலரின் வாயிலாகப் பழைய மாணவர்க்கும், இன்று கற்கும் தம்பிமார்க்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விழைகின்றேன்.

வீட்டு ஹைஃபை அமைப்பிலே மூன்று உறுப்புக்கள் உள. இசையைத் தருவது மூலக்கருவி. அதன் சிறு மின்னலையைப் பெருக்குவது அம்பிளிபயர். பெருகிய மின்னலையைக் காற்றின் அதிர்வாக்கி நம் செவிக்குத் தருவது ஒலிபெருக்கி. இசைத்தட்டுக் காலத்திலே இம்மூன்றனுள் முதலாவதற்கே முதன்மை கொடுக்கவேண்டுமென்று அறிந்தோர் கூறினர். அவர் கூற்று அக்காலத்துக்குப் பொருந்தியதே. தட்டைச் சுழற்றும் மோட்டர் சற்றே தளர்ந்தாற் பாடகரின் சுருதி தளரும். ஊசி தேய்ந்தால் தட்டே தேயும். பலகை அதிர்ந்தால் அவ்வதிர்வும் பாட்டோடு கலந்து கேட்கும். நுண்ணிய இயந்திர வேலைப்பாட்டுக்கு விலை கொடாமல் அங்கே நல்லிசை பெறுதல் இயலாது.

அந்நிலை 1982 ஆம் ஆண்டில் மாறத் தொடங்கிற்று. பிலிப்ஸ், சோனி என்னும் இரு கொம்பனிகள் சேர்ந்து வகுத்த இறுவட்டு அவ்வாண்டில் விற்பனைக்கு வந்தது. அதிலே இசை இலக்கங்களாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றது. செக்கனுக்கு 44,100 முறை ஒலியலையின் உயரம் அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது. வலம், இடம் என இரு பக்கங்களுக்கும் இவ்வாறு செய்யப்படும். இத்தொகை எழுந்தவாறு எழுதப்பட்டதன்று. மனிதச் செவி, அதுவும் இளஞ்செவி, ஏறத்தாழ 20,000 ஹேட்ஸ் மீடிறன் வரையுமே கேட்கவல்லது. ஓர் அலையை முற்றாக மீட்டெடுப்பதற்கு அதன் உயர்ந்த மீடிறனின் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளந்தாற் போதும் என்னும் உண்மைக்கு 1928 இல் ஹரி நைக்குவிஸ்ட் வழிவகுத்தார். 1949 இல் குளோட் ஷனன் அதனைக் கணிதமுறையில் நிலைநாட்டினார்.

"புள்ளி புள்ளியாக அளந்தால் இடையிலுள்ளது தொலைந்துபோகாதோ?" என்று வினவுவோர் பலர். இலக்கமுறை இசை படிக்கட்டுப் போன்று கரடுமுரடானது என்பாரும் உளர். முற்றத்திலே கோலம் போடுவதைக் கண்டோர்க்கு இதனை விளக்குதல் எளிது. புள்ளிகள் இடப்பட்டபின், கோட்டின் விதி இன்னதென்று தெரிந்தவர்க்குப் புள்ளிகளுக்கிடையே கோடு எவ்வாறு வளைந்து செல்லவேண்டுமென்பதில் ஐயமில்லை. ஒலியலையின் விதியும் அத்தகையதே. குறித்த மீடிறனுக்கு மேற்பட்ட எதுவும் அதில் இல்லையெனின், அந்தப் புள்ளிகளினூடாகச் செல்லத்தக்க அலை ஒன்றேயொன்று. மின்னலையாக மாற்றும் கருவியிலிருந்து வெளிவருவது படிக்கட்டன்று, வழுவழுப்பான அந்த ஓர் அலையே.

இலக்கங்களை மின்னலையாக மாற்றும் இச்சிறு கருவியை 'டாக்' என்பர். முன்னாளில் அது விலையுயர்ந்த பொருளாயிருந்தது. இன்றோ ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் கணினியிலும் அதன் வேலையைச் செய்யும் நகவளவான சில்லு ஒன்று இருக்கின்றது. கோடிக்கணக்கில் உற்பத்தியாவதனால் அதன் விலை விழுந்தது, தரமோ உயர்ந்தது. அப்பிள் கொம்பனி தன் தொலைபேசிகளுடன் செவிப்பொறியை இணைப்பதற்கென 9 டொலர் விலையில் விற்பனைக்கு விட்ட சிறு இணைப்புத்துண்டின் அளவீடுகள், ஒருகாலத்திற் பன்மடங்கு விலைக்கு விற்ற பெரும் பெட்டிகளின் அளவீடுகளுக்கு நிகராய் இருந்தமை இத்துறையினர் பலரையும் வியப்பிலாழ்த்தியது. ஊற்று மலிந்தது என்று நான் கூறுவதன் பொருள் இதுவே.

இதற்கு மாறாகக் கூறுவோரின் வாதத்தையும் நடுநிலையிற் கேட்டல் வேண்டும். இறுவட்டின் தரத்தைக் கடந்த, செக்கனுக்கு 96,000 முறையும் 192,000 முறையும் அளந்த பதிவுகள் இன்று கிடைக்கின்றன. அவற்றைக் கேட்கச் சிறந்த கருவி வேண்டாமோ என்பர் அவர். அமெரிக்காவிலே மேயர், மொரான் என்னும் இருவர் இதனைத் தேர்ந்து 2007 இல் முடிவை வெளியிட்டனர். உயர்தரப் பதிவையும், அதே பதிவை இறுவட்டின் தரத்துக்குக் குறைத்ததையும் எது எதுவென்று சொல்லாது கேட்பித்தனர். 554 முறை நிகழ்ந்த தேர்வில் 276 முறையே கேட்டோர் சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறத்தாழ அத்தனையே சரியாக இருந்திருக்கும்! பின்னர் 2016 இல் இலண்டனிலுள்ள ஜோஷுவா ரைஸ் என்பார், அதுவரை நடந்த 18 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துக் கணித்தார், நூற்றுக்கு 52.3 முறை கேட்போர் சரியாக இனங்கண்டனர் என்றும், பயிற்சி பெற்றோரிடத்து அது மிகுந்தது என்றுங் கண்டார். ஆகவே வேறுபாடு அறவே இல்லையென்று நான் வாதிக்கமாட்டேன். ஆயினும் நூற்றுக்கு ஐம்பதுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் இடையிலுள்ள அந்த மெல்லிய இழைக்காக ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவைக் கொடுத்தல் தகுமோ என்பதே கேள்வி.

இச்சோதனையை யாவரும் தத்தம் வீட்டிற் செய்து பார்க்கலாம். நான் செய்திருக்கின்றேன். நண்பர் ஒருவரின் விலையுயர்ந்த கருவியையும், என் பழைய மடிக்கணினியில் இணைத்த மலிவான டாக் ஒன்றையும் ஒரே அம்பிளிபயரில் இணைத்து, இடையே போர்வையொன்றைத் திரையாகத் தொங்கவிட்டோம். நண்பரின் மகள் தன் விருப்பப்படி மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தாள். முதலில் நண்பரின் கருவியே ஒவ்வொரு முறையும் வென்றது. பிறகு உற்றுநோக்கியபோது அதன் ஒலி சற்று உரத்திருந்தமை தெரிந்தது. இரண்டையும் சம அளவில் ஒலிக்கச் செய்தபின், எவர் எதனைச் சொன்னாலும் பாதிக்குப் பாதியே சரியாயிற்று. சிறிதளவு உரத்து ஒலிப்பதைச் செவி 'இனிமை' என்றே எண்ணிக்கொள்ளும். விற்பனைச்சாலைகளில் நாம் ஏமாறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயாம். நண்பர் தம் கருவியை விற்கவில்லை. அதன் அழகு அவருக்குப் பிடித்திருக்கின்றது. அஃது அவருடைய உரிமை. வெள்ளிச் செம்பில் நீர் அருந்துவோரை யார் தடுப்பார்? ஆனால் மண்குடத்து நீர் தாகம் தீர்க்காது என்று அவர் பிறர்க்குச் சொல்லாதிருந்தாற் போதும்.

அவ்வாறாயின் வாங்கத்தக்கது யாது? வழிகள் நான்கு உள. முதலாவது வழிக்குச் செலவே இல்லை. பல வீடுகளில் டீ.வீ.டி. இயக்கி ஒன்று தூசி படிந்து கிடக்கின்றது. அதன் பின்புறத்திலுள்ள செந்நிற, வெண்ணிறத் துளைகளிலிருந்து இரு கம்பிகளை அம்பிளிபயருக்குக் கொடுத்தால் அதுவே இறுவட்டு இயக்கியாகும். ஒளிக்கதிர் வில்லை தேய்ந்து போகுமட்டும் அது பயன்தரும். கையில் இறுவட்டுக்கள் மிகுதியாக உள்ளோர் இதனோடு அமைதல் கூடும்.

இரண்டாவது, பழைய கணினியும் யூ.எஸ்.பி. டாக் ஒன்றும் சேர்ந்த கூட்டு. என் நோக்கில் நம்மவர் பெரும்பாலோர்க்கு இதுவே தகுந்தது. மூன்றாவது, ராஸ்பெரி பை என்னும் கையடக்கக் கணினி. இங்கிலாந்திலே மாணவர் கணினி கற்பதற்கென உருவாகி 2012 இல் 35 டொலர் விலையில் வெளிவந்தது அது. அதன்மேல் டாக் பலகை ஒன்றைப் பொருத்தி, வொலுமியோ, மூட் போன்ற இலவச மென்பொருள்களுள் ஒன்றை ஏற்றிவிட்டால், தொலைபேசியின் திரையிலிருந்தே பாடலைத் தெரிந்து இயக்கலாம். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்தால் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடுவான். பௌதிகவியலையும் சற்றுக் கற்றுக்கொள்வான். நான்காவது, கைத்தொலைபேசியிலிருந்து கம்பியின்றி இசையைப் பெறும் புளூடூத் ஏற்பி. மலிவிலும் வசதியிலும் அதனை வெல்ல ஒன்றில்லை. எனினும் இசையை அது பெரும்பாலும் சுருக்கியே கடத்துகின்றது. ஆலாபனை உச்சியை எட்டும் வேளையில் யாரேனும் தொலைபேசியில் அழைத்துவிடுவதும் உண்டு.

எவ்வழியைக் கைக்கொண்டாலும் சில எச்சரிக்கைகள் வேண்டும். பழைய அம்பிளிபயரில் இசைத்தட்டுக்கென அமைந்த துளையில் இவற்றை இணைத்தலாகாது. அஃது ஊசியின் மிகச் சிறிய மின்னலைக்கு உரியது. அதில் இணைத்தால் ஓசை உடைந்து கரகரக்கும். வானொலிக்கோ ஒலிநாடாவுக்கோ உரிய துளையே ஏற்றது. கணினியின் ஒலியளவை முழுமையாக உயர்த்திவைத்து, அம்பிளிபயரின் திருகினாலேயே கூட்டிக் குறைத்தல் நன்று. அடிநாதமாக ஓர் இரைச்சல் கேட்குமாயின், மடிக்கணினியை மின்னிணைப்பிலிருந்து கழற்றி அதன் பற்றரியில் இயக்கிப் பார்க்கவேண்டும். இரைச்சல் அப்போது மறைந்தால், குற்றம் டாக்கினதன்று, மின்னிணைப்பினது என்பது தெளிவு. இடி மின்னற் காலங்களில் யாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிவைக்க வேண்டுமென்பதை நம் நாட்டார்க்குச் சொல்லவேண்டியதில்லை.

கருவியிலும் மேலாகச் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. இசை யாருடைய கையில் இருக்கின்றது என்பதே அது. மாதச் சந்தா செலுத்தி இணையத்தின் வழியாகக் கேட்பது இன்று வழக்காகிவிட்டது. அப்பிள் இசைச்சேவை 2021 இலும், ஸ்பொட்டிபை 2025 இலும் சுருக்கத்தால் தரம் குறையாத இசையைத் தரத் தொடங்கின. அவற்றை நான் இகழவில்லை. புதிய இசையை அறிவதற்கு அவை நல்ல வாயில்கள். ஆயினும் சந்தா இசை வாடகை வீடு போன்றது. கோப்பாகக் கையிலிருக்கும் இசையோ உறுதி எழுதிய காணி. சந்தா நின்ற மறுமாதமே வாடகை வீட்டின் கதவு சாத்தப்படும். டொலரின் விலை 2022 இல் சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைக் கடந்தபோது, டொலரிற் செலுத்தும் ஒவ்வொரு சந்தாவும் எவ்வாறு கனத்தது என்பதை நாம் அறிவோம்.

கருவியும் அவ்வாறே பிறர் கையை நம்பியிருத்தலாகாது. லொஜிரெக் கொம்பனி விற்ற ஸ்குவீஸ்பொக்ஸ் என்னும் இசைக்கருவி 2012 இல் கைவிடப்பட்டது; அதற்குத் துணைநின்ற இணையத்தளமும் 2024 இல் மூடப்பட்டது. ஆயினும் அக்கருவிகள் குப்பைக்குப் போகவில்லை. அவற்றின் மென்பொருள் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டிருந்தமையால், ஆர்வலர்கள் தாமே அதனைப் பேணி வருகின்றனர். கருவி வாங்குவோர் இதனைப் பாடமாகக் கொள்ளவேண்டும். விற்றவன் மறைந்த பின்னும் இயங்கத்தக்கதா என்று கேட்டு, அதன் பின்னரே பணத்தை எடுக்கவேண்டும்.

இசையைச் சேமிக்க இடமும் அதிகம் வேண்டியதில்லை. இறுவட்டின் தரத்தில் ஒரு மணிநேர இசை ஏறத்தாழ 635 மெகாபைற். 2001 இல் வெளிவந்து இன்றுவரை இலவசமாகவே கிடைக்கும் ஃபிளக் என்னும் முறையிற் சுருக்கினால், பெரும்பாலும் பாதிக்கும் மூன்றிலிரண்டுக்கும் இடைப்பட்ட அளவாகும். ஒலியில் ஓர் இலக்கமும் இழக்கப்படுவதில்லை. 128 கிகாபைற் கொண்ட ஒரு சிறு நினைவகத்தில் 300 மணிநேர இசை அடங்கும். அது பழுதடையக் கூடியதாதலால் இரண்டு பிரதிகள் வைத்தல் அறிவுடைமை.

இவ்வாறு மிஞ்சும் பணத்தை எங்கே செலவிடுவது? ஒலிபெருக்கியிலே செலவிடுக. இலக்கமுறைக் கருவிகள் ஒன்றையொன்று ஒத்துப்போன இக்காலத்திலும், ஒலிபெருக்கிகள் மனிதரைப்போல் ஒன்றுக்கொன்று வேறுபட்டே ஒலிக்கின்றன. அதற்கும் முன்னர், செலவின்றியே செய்யத்தக்கது அறையைத் திருத்துதல். சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள அறையில் மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் எதிரொலியாற் குழம்பும். தரையில் ஒரு பாயோ கம்பளமோ, சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை, ஒருபுறச் சுவரில் நூல் நிறைந்த அலுமாரி, இவை போதும். ஒலிபெருக்கிகளை மூலையினின்றும் ஒரு முழமேனும் முன்னே இழுத்து, கேட்போனின் செவி மட்டத்துக்கு உயர்த்தி, இரண்டும் அவனும் முக்கோணமாய் அமையுமாறு வைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கிற் பணம் கொடுத்தும் வாராத தெளிவு அரைமணி நேர உழைப்பில் வரும். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. இங்கேயோ கூடம் உண்மையிலேயே கோணல். ஆட்டக்காரியையே நாம் மாற்றிக்கொண்டிருக்கின்றோம்!

யாழ்ப்பாணத்தில் 1990 ஆம் ஆண்டின் பின் மின்சாரமின்றி வாழ்ந்த காலத்தை நம்முட் பலர் மறந்திரார். பற்றரியும் அரும்பொருளாயிருந்த அந்நாட்களில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னோட்டத்தினால் வானொலியை இயக்கினோம். ஒருவர் சுற்ற, அயலார் பத்துப்பேர் சூழ்ந்து நின்றனர். சுற்றுபவர் களைத்தால் குரலுங் களைத்தது. அன்று கேட்ட செய்தியையும் பாட்டையும்போல வேறொன்றை நான் ஊன்றிக் கேட்டதில்லை. அந்த ஊற்று எவ்வளவு எளியது! கேட்டவர் செவியோ எவ்வளவு கூர்மையாயிருந்தது! நல்லிசைக்கு முதல் வேண்டியது கருவியன்று, கேட்கும் நெஞ்சமே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இறுதியாக ஒன்று கூறுவேன். எக்கொம்பனியும் நமக்கு விற்கமாட்டாத இசை நம் வீடுகளிலேயே இருக்கின்றது. கோயிற் திருவிழாக்களிற் பதிந்த நாதசுர, தவிற் கச்சேரிகள், பாட்டன்மார் பாடிய தேவாரப் பண்கள், கல்லூரி நாடகங்கள், ஆசிரியர்களின் உரைகள் முதலியன ஒலிநாடாக்களில் அலுமாரி மூலைகளிற் கிடக்கின்றன. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவர் வாசிப்பை இன்றைய தலைமுறை கேட்பது, அன்று பதிந்தோரும் இன்றுவரை பேணியோரும் இருந்தமையால் அன்றோ? நாடா ஈரலிப்பினாற் பூஞ்சணம் பிடித்து உதிர்கின்றது. அதனை இயக்கும் பெட்டிகளும் அருகிவருகின்றன. பழுதற்ற பெட்டி ஒன்று, ஒலியை இலக்கமாக்கும் சிறு கருவி ஒன்று, பழைய கணினி ஒன்று, பொறுமையுள்ள மாணவர் இருவர், இவ்வளவும் கிடைத்தால் அவற்றைக் காப்பாற்றிவிடலாம். விலையுயர்ந்த மூலக்கருவி ஒன்றுக்கு ஒருவர் கொடுக்கும் பணத்தில் இவை யாவும் அடங்கும்.

ஆதலால், இவ்விழாக் காலத்திற் பழைய மாணவரை நான் வேண்டுவது இது. உங்கள் வீட்டுக்கு எளிய ஊற்று ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியையும், உங்கள் அலுமாரியிலுள்ள ஒலிநாடாக்களையும் கல்லூரி நூலகத்துக்குச் சிலகாலம் கொடுத்துதவுங்கள். நாடாக்கள் உங்களிடமே மீளும். அவற்றின் இசை வருங்கால மாணவர்க்கும் உரியதாகும். முகம் வாடிய அந்த அன்பர்க்கும் இவற்றையெல்லாம் எடுத்துக் கூறினேன். சென்ற கிழமை அவர் வீட்டுக்குச் சென்றபோது, மகனின் பழைய மடிக்கணினியொன்று தந்தையாரின் அம்பிளிபயரோடு இணைந்திருந்தது; பேரப்பிள்ளைகள் பாயில் அமர்ந்து நாதசுரம் கேட்டுக்கொண்டிருந்தனர். "இதற்கு எவ்வளவு செலவாயிற்று?" என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை. பேசாதிருக்குமாறு விரலால் வாயைப் பொத்திக் காட்டினார். கல்யாணி அப்போதுதான் தொடங்கியிருந்தது.